ரூட்டு சொன்னீங்க, கேட்டு பூட்டியிருக்குன்னு சொல்லலையே!

2025 ஜூன் மாதத்தில் கூமாப்பட்டி என்ற பெயர் தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் எல்லாம் ஓடியது. விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, வயல், பின்னால் மலை, அந்த மலையை ஒட்டிப் பெரியாறு, கோவிலாறு என இரண்டு பிளவக்கல் அணைகள். ரீல்ஸில் பார்த்தவர்களுக்குத் தண்ணீரும் பச்சையும் போதுமாக இருந்தன. ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிட்ட குரலை நம்பி எங்கிருந்தெல்லாமோ கிளம்பி வந்தார்கள்.

வந்தவர்களில் பலர் அணையின் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அணைப் பகுதியில் குளிக்க அனுமதியில்லை என்று அதிகாரிகள் அறிவிப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. ஊர்க்காரருக்கு இதில் எதுவும் புதிதில்லை. அணைக்குள் எப்போது விடுவார்கள், எப்போது விடமாட்டார்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் தண்ணீர் எப்படி இருக்கும், மதுரையில் இருந்து வருபவர் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்பு வழியாகத்தான் வர வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடுவதை யாராவது எடுத்துச் சொல்வார்களா? கூப்பிட்டவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

கணினி உலகத்தில் இந்தத் தப்பு தினமும் நடக்கிறது. அங்கே இதற்கு ஒரு பெயரும் இருக்கிறது: எழுதப்படாத முன்தேவை.

அதே கூமாப்பட்டியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். அவளுடைய அப்பத்தாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் அந்தக் காலத்து வார இதழ்களில் இருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பைண்டு போட்டு வைத்த தொடர்கதைகள். தாள் பழுப்பேறிவிட்டது. அப்பத்தாவுக்குக் கண்ணும் மங்கிவிட்டது. ‘அந்தக் கடைசி அத்தியாயத்தை ஒருதரம் படிச்சிட்டாப் போதும்த்தா’ என்பது கிழவியின் ஆசை. பேத்திக்கு ஒரு யோசனை. பக்கங்களை ஸ்கேன் செய்து, படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றிவிட்டால், வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டலாமே?

அதைச் செய்வதற்கு டெசராக்ட் என்று ஒரு மென்பொருள் உண்டு. 1985-க்கும் 1994-க்கும் இடையில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தில் உருவாகி, பிறகு பல வருஷம் அலமாரியில் தூங்கி, 2005-ல் திறந்த மூல மென்பொருளாக வெளியே வந்தது. அடுத்த ஆண்டில் இருந்து கூகுள் அதற்குக் கை கொடுத்தது. 2018-ல் வந்த நான்காம் பதிப்பு நியூரல் நெட்வொர்க் முறைக்கு மாறியது. 2021 நவம்பரில் ஐந்தாம் பதிப்பு. தமிழும் படிக்கும். காசு கிடையாது.

இதுபோன்ற மென்பொருளைப் பெற இரண்டு வழிகள். ஒன்று, லினக்ஸில் ஏபிடி போன்ற கட்டளை கொடுத்து, யாரோ ஏற்கெனவே தயார் செய்து வைத்ததை இறக்கிக்கொள்வது. அது ஓட்டல் இட்லி. இன்னொன்று, மென்பொருளை எழுதியவர்கள் வெளியிட்ட மூல நிரலை அப்படியே எடுத்து, நம் கணினியிலேயே இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது. இதைத்தான் கம்பைல் செய்வது என்கிறார்கள். வீட்டில் மாவாட்டி ஊற்றும் இட்லி.

ஓட்டலில் கிடைக்கும்போது எதற்கு மாவாட்ட வேண்டும்? வேண்டியதில்லைதான். கடைச்சரக்கே வேலையை முடித்துவிடும் என்றால் கம்பைல் பக்கமே போக வேண்டாம். ஆனால் உபுண்டு 20.04 போட்ட பழைய மடிக்கணினி ஒன்றில் ஏபிடி கொடுப்பது டெசராக்ட் 4.1.1. ஐந்தாம் பதிப்பில் கணக்கு போடும் முறையை எளிதாக்கி, நினைவகம் குறைவாகவும் வேகம் கூடுதலாகவும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். பழைய கணினிக்குத்தான் அந்தப் புதிய பதிப்பு ரொம்பத் தேவை. கொடுமை என்னவென்றால், பழைய கணினிக்குத்தான் அது கடைச்சரக்காகக் கிடைக்காது.

பெண்ணுக்குச் சென்னையில் ஒரு அண்ணன். பெரியப்பா மகன். மென்பொருள் வேலை. கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் குறிப்பு அனுப்பிவிட்டான். ‘சோர்ஸ் டவுன்லோடு பண்ணு. ஆட்டோஜென் ஓட்டு. அப்புறம் கன்ஃபிகர். மேக். மேக் இன்ஸ்டால். அவ்வளவுதான் பாப்பா, பத்து நிமிஷம்.’

ஐந்தே வரி. ஐந்தும் சரி. ஒன்றில்கூடப் பிழை கிடையாது.

முதல் ராத்திரி இரண்டாம் வரியிலேயே வண்டி நின்றது. ஆட்டோஜென் என்பது ஆட்டோமேக், லிப்டூல் என்று வேறு சில கருவிகளைத் துணைக்குக் கூப்பிடும். அவை அந்த மடிக்கணினியில் இல்லை. தேடித் தேடி அவற்றைப் போட்டாள். மூன்றாம் வரிக்கு வந்தால் கன்ஃபிகர் திரும்பவும் நின்றது. லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை, லிப்லெப்டோனிகா-டெவ் என்ற பொதியைப் போட்டுப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி.

இந்தச் செய்தியை எழுதிய புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போடலாம். என்ன இல்லை, எந்தப் பதிப்பு வேண்டும், அது எந்தப் பெயரில் கிடைக்கும் என்ற மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எல்லா மென்பொருளும் இவ்வளவு மரியாதையாகப் பேசாது. பிகேஜி-கன்ஃபிக் என்ற சின்னக் கருவி இல்லாமல் கன்ஃபிகர் கோப்பை உருவாக்கினால், பல மென்பொருள்களில் ‘சின்டாக்ஸ் எரர்’ என்றுதான் வரும். பார்ப்பவர் நிரலில்தான் தப்பு என்று நினைத்து விடிய விடிய அதையே நோண்டிக்கொண்டிருப்பார். இல்லாத பொருளின் பெயர் அந்தச் செய்தியில் எங்கேயுமே இருக்காது.

‘டெவ்’ என்ற வால் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. ‘லெப்டோனிகா ஏற்கெனவே இருக்கே?’ என்று குழம்பினாள். இருந்ததும் உண்மைதான். பழைய டெசராக்ட் அதை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ரேடியோவில் பாட்டுக் கேட்பவருக்கு ரேடியோ மட்டும் போதும். அதைப் பிரித்து வேலை பார்ப்பவருக்கு உள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற படம் வேண்டும். டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் ரேடியோவை ஒரு பொதியாகவும், அந்தப் படத்தைத் தனிப் பொதியாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள். படம் உள்ள பொதிக்குத்தான் டெவ் என்று பெயர். ஃபெடோராவில் அதுவே டெவெல். ஆர்ச் லினக்ஸில் பிரிப்பதே இல்லை, லெப்டோனிகா என்று கேட்டால் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர். ஆகவே முன்தேவை எழுதும்போது பொருளின் பெயர் மட்டும் போதாது. எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்பதும் சேர்த்தே எழுத வேண்டும்.

அந்த ராத்திரி போன் பேச்சு இப்படிப் போயிருக்கும்:

‘அண்ணே, நீங்க எழுதுனபடியேதான் செஞ்சேன். நிக்குது.’

‘எனக்கு ஓடுச்சே பாப்பா! போன வாரம்தான் போட்டேன்.’

‘உங்களுக்கு ஓடும்ண்ணே. எனக்குல்ல ஓடல.’

அந்த ‘எனக்கு ஓடுச்சே’ இருக்கிறதே, கணினித் துறையில் இதைவிட உண்மையான பொய் கிடையாது. அவனுடைய கணினி ஆறு வருஷம் வேலை பார்த்த கணினி. ஒவ்வொரு வேலைக்கும் ஏதாவது ஒன்றைப் போட்டிருப்பான். கம்பைலர் என்றைக்கோ வந்தது, லிப்டூல் வேறொரு வேலைக்காக வந்தது, படக்கோப்புகளைப் படிக்கும் நூலகங்கள் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அவனைக் கேட்டால் எதையும் தனியாகப் போட்டதாக ஞாபகமே இருக்காது. தேவையான எல்லாம் ஏற்கெனவே இருந்ததால், தேவை என்று எதுவுமே அவன் கண்ணில் படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் பால், சர்க்கரை என்று இரண்டே பெயர் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு போய் சென்னை அபார்ட்மென்ட்டில் கிண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பட்டியலில் வராத சமாச்சாரங்கள் எத்தனை என்று. எந்தப் பால், எவ்வளவு அகலமான சட்டி, எந்தப் பதத்தில் தீயைக் குறைப்பது, எவ்வளவு நேரம் கை ஓயாமல் கிண்டுவது. பால்கோவா மாஸ்டர் மறைக்கவில்லை. அவருக்கு அது அடுப்போடு வந்தது.

இரண்டாம் ராத்திரிதான் மோசம்.

அந்தப் பெண் டெவ் பொதியைப் போடாமல், ‘எல்லாமே சோர்ஸ்ல இருந்துதானே’ என்று லெப்டோனிகாவின் மூல நிரலையும் இறக்கிக் கம்பைல் செய்தாள். சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. டெசராக்டின் கன்ஃபிகரும் இந்த முறை மறுப்பு சொல்லாமல் போனது. மேக் ஓட ஆரம்பித்தது. பழைய மடிக்கணினியின் விசிறி தறி மாதிரி சத்தம் போட்டது. முடிந்ததும் டெசராக்டை அழைத்தாள். லிப்டெசராக்ட் என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பதில். எல்டிகன்ஃபிக் என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான், புதிதாக வந்த நூலகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். டெசராக்டின் சொந்த வழிகாட்டியில் அந்த வரி இருக்கிறது. அண்ணனுடைய ஐந்து வரியில் இல்லை.

அதையும் கொடுத்தாள். அப்பத்தாவின் தொடர்கதையில் இருந்து ஒரு பக்கத்தைப் பிஎன்ஜி படமாக்கிக் கொடுத்தாள். ‘ஃபங்க்ஷன் நாட் பிரசன்ட்’ என்று வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, மேக் இன்ஸ்டால் வெற்றி என்று சொன்ன பிறகு, படம் படிக்கும் மென்பொருள் தனக்குப் படம் படிக்கத் தெரியாது என்கிறது. என்ன ஆனது? லெப்டோனிகா தன்னைக் கட்டிக்கொள்ளும்போது, பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் வகைப் படங்களைப் படிக்கும் நூலகங்கள் கணினியில் இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் அந்தத் திறமையைச் சேர்த்துக்கொள்ளும். இல்லையென்றால் சண்டை போடாது, நிற்காது. அந்தத் திறமை இல்லாமலேயே தன்னைக் கட்டி முடித்துவிடும். கல்யாண வீட்டுக்கு உப்பு வந்து சேரவில்லை, சமையல்காரர் யாரிடமும் சொல்லாமல் உப்பில்லாமலேயே சாம்பார் வைத்துவிட்டார் என்ற கதை. பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

நின்றுவிடும் மென்பொருளை மன்னிக்கலாம். நிற்காமல் ஊமையாகப் போகும் மென்பொருள்தான் ஆளைக் கொல்லும். ஏனென்றால் தப்பு நடந்த இடம் ஒன்று, தெரியும் இடம் இன்னொன்று. அவள் டெசராக்டை மூன்று முறை அழித்து மூன்று முறை திரும்பக் கட்டினாள். டெசராக்டில் ஒரு குறையும் இல்லை. லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், லிப்டிஃப் மூன்றின் டெவ் பொதிகளையும் போட்டு, லெப்டோனிகாவை மட்டும் மறுபடி கட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். டெசராக்டைத் தொடவே வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டெசராக்டிடம் அதன் பதிப்பு எண்ணைக் கேட்டால், தன் பதிப்போடு லெப்டோனிகாவின் பதிப்பையும், அது எந்தெந்தப் பட நூலகங்களோடு கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும். அந்த வரியில் லிப்பிஎன்ஜி இல்லையென்றால் படம் ஏறாது. ஒரு நொடி வேலை. முன்தேவைக் குறிப்பில் ‘இதைப் போடு’ என்பதற்கு அடுத்து ‘வந்ததா என்று இப்படிப் பார்’ என்று ஒரு வரி இருந்தால் மூன்று ராத்திரி மிச்சம்.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. தமிழ். டெசராக்டின் மூல நிரலோடு மொழிகள் சேர்ந்து வருவதில்லை. தமிழுக்கான பயிற்சிக் கோப்பை, டேம் டாட் டிரெயின்டுடேட்டா என்ற பெயரில் இருப்பதை, தனியாக இறக்கி உரிய அடுக்கில் வைக்க வேண்டும். கட்டுவதற்கு அது தேவையே இல்லை. ஆனால் அது இல்லாமல் அப்பத்தாவுக்கு ஒரு எழுத்தும் கிடைக்காது. கட்டத் தேவையானவை வேறு, ஓட்டத் தேவையானவை வேறு. குறிப்பு எழுதுபவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவார்கள், அல்லது இரண்டாவதை மறந்தே போவார்கள். போதாததற்கு டெசராக்டுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்கும் கருவிகள் வேண்டும் என்றால் ஐசியு, பேங்கோ என்று இன்னும் சில நூலகங்கள் தேவை. அவை இல்லையென்றால் பயிற்சிக் கருவிகள் கட்டப்படமாட்டா என்று கன்ஃபிகர் சொல்லிவிட்டு மேலே போகும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அந்த ஒரு வரியைப் பார்க்கும் கண் யாருக்கு இருக்கிறது?

பெரிய வீடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களில் ஒரு அட்டவணை இருக்கிறது. முதல் நிரையில் தேவைப்படும் கருவியின் பெயர். இரண்டாவதில் குறைந்தபட்சப் பதிப்பு. மூன்றாவதில், உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் கட்டளை. அந்த மூன்றாவது நிரைக்குத்தான் மதிப்பு. ‘உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்டால் புதியவர் விழிப்பார். ‘இதை அடி, என்ன வருகிறது பார்’ என்றால் யாரும் பார்த்துவிடலாம்.

லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்று ஒரு புத்தகம் இணையத்தில் இருக்கிறது. ஒரு முழு லினக்ஸையே மூல நிரலில் இருந்து ஒவ்வொன்றாகக் கட்டச் சொல்லிக்கொடுப்பது. அதில் தொடக்கத்திலேயே ஒரு சின்ன நிரல் கொடுத்திருக்கிறார்கள். அதை ஓட்டினால் உங்கள் கணினியில் எது இருக்கிறது, எது இல்லை, எது பழசு என்று அதுவே சொல்லிவிடும். குரோமியம் உலாவியைக் கட்டுவதற்கான வழிகாட்டியோ முதலிலேயே கணினியின் பலத்தைக் கேட்கும். குறைந்தது 8 ஜிபி நினைவகம், 16-க்கு மேல் இருந்தால் நல்லது, வட்டில் 100 ஜிபி காலி இடம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். 2 ஜிபி மடிக்கணினியோடு வந்தவர் அங்கேயே திரும்பிவிடலாம். கேட்டு பூட்டியிருக்கிறது என்பதை ஊர் எல்லையிலேயே பலகை வைத்துச் சொல்வது இதுதான்.

டெபியன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் கட்டத் தேவையானவை என்று ஒரு பட்டியல் எழுதியே ஆக வேண்டும். எழுதியதை அப்படியே நம்பவும் மாட்டார்கள். அடிப்படைக் கருவிகள் தவிர வேறு எதுவும் இல்லாத காலி அமைப்பு ஒன்றை உருவாக்கி, பட்டியலில் உள்ளதை மட்டும் போட்டு, அங்கே கட்டிப் பார்ப்பார்கள். ஒன்று விட்டுப்போயிருந்தால் அங்கேயே பிடிபடும். பிறர் எழுதி வைத்த இந்தப் பட்டியலை நாமும் பயன்படுத்தலாம். ஏபிடியில் பில்ட்-டெப் என்று சேர்த்து மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், அதைக் கட்டத் தேவையானவற்றை எல்லாம் மொத்தமாக இறக்கிவிடும். அது வேலை செய்ய, மூலப் பொதிகளுக்கான வரியை அமைப்புக் கோப்பில் முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும், உபுண்டுவில் அது வழக்கமாக மூடியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்தேவைக்கும் ஒரு முன்தேவை!

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதில்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக்கில் இருந்து 2007-ல் வந்தது. அதே ஆண்டில் எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. அப்படி வந்த மடிக்கணினிகளில் பல இன்னமும் கிராமத்து வீடுகளில் பீரோ மேல் இருக்கின்றன. கருவி வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதை வைத்து ஒன்றைக் கட்டிப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைக்கு, முதல் படியிலேயே கால் இடறாமல் எழுதி வைத்த குறிப்பு அவ்வளவாக வரவில்லை. 2012-ல் தொடங்கிய கணியம் இணைய இதழ் போன்ற சில இடங்களில் தன்னார்வலர்கள் தமிழில் பொறுமையாக எழுதுகிறார்கள். அது பெரிய காரியம்.

குறிப்பு அரைகுறையாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. சென்னையில் பக்கத்து நாற்காலியில் கேட்டுவிடலாம். கூமாப்பட்டியில் ராத்திரி 11 மணிக்கு யாரைக் கேட்பது? அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் விடியும்வரை இறக்கவும் முடியாது. பிழைச்செய்தி ஆங்கிலத்தில். எல்லாவற்றையும்விட மோசம், மூன்றாவது தோல்விக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வரும் எண்ணம். குறிப்பில் ஓட்டை என்று அவளுக்குத் தோன்றாது. ‘எனக்கு மண்டை பத்தல’ என்றுதான் தோன்றும். அண்ணனுக்குப் பத்து நிமிஷம், தனக்கு மூன்று ராத்திரி என்றால் வேறெப்படித் தோன்றும்?

இந்தக் கதையில் அண்ணன் நல்லவன். மூன்றாம் நாள் தன் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர்க் கணினியை உருவாக்கி, தங்கையிடம் இருக்கும் அதே உபுண்டு 20.04-ஐப் புதிதாகப் போட்டு, தன் ஐந்து வரியைத் தானே செய்து பார்த்தான். இரண்டாம் வரியில் நின்றது.

‘ஏ பாப்பா, எனக்கும் நிக்குது!’

‘அப்பாடா’ என்றாள் அவள். மூன்று நாளில் முதல் சந்தோஷம்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். அவள் ஏற்கெனவே எதை எதைப் போட்டாள் என்பது அவளுக்கே முழுசாக ஞாபகமில்லை. அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏபிடி மூலம் எப்போது எது போடப்பட்டது என்ற கணக்கை லினக்ஸ் தானே எழுதி வைத்துக்கொண்டே வரும். வார், லாக், ஏபிடி என்ற அடுக்குக்குள் ஹிஸ்டரி டாட் லாக் என்று ஒரு கோப்பு. பழைய மாதத்துக் கணக்குகளும் சுருக்கிய கோப்புகளாக அங்கேயே இருக்கும். அதைத் திறந்தால் மூன்று ராத்திரியின் வரலாறும் மணி நிமிஷத்தோடு வரிசையாக நிற்கிறது. தடுமாறித் தடுமாறிப் போட்டவைதான், ஆனால் அதில்தான் உண்மையான முன்தேவைப் பட்டியல் ஒளிந்திருக்கிறது. அதில் வேண்டாததைக் கழித்துவிட்டு, மிச்சத்தை அண்ணன் தன் காலி அமைப்பில் வரிசையாகப் போட்டுப் பார்த்தான். ஒன்று குறைந்தது. சேர்த்தார்கள். திரும்பவும் புதிதாக அமைப்பைப் போட்டு முதலில் இருந்து.

எழுதும்போது ஒரு சின்னத் தகராறும் வந்தது. பொதிகளின் பெயரைத் தமிழில் எழுதலாமா என்று அவள் கேட்டாள். விளக்கம் எல்லாம் தமிழில் இருக்கட்டும், கட்டளையும் பொதியின் பெயரும் மட்டும் கணினி எதிர்பார்க்கும் எழுத்திலேயே, நகல் எடுத்து ஒட்டும்படி இருக்க வேண்டும் என்றான் அவன். அவன் சொன்னதுதான் சரி. கணினிக்கு ஒரு புள்ளி மாறினாலும் புரியாது.

மேலே என்ன எழுதுவது என்பதில் அவள் சொன்னதுதான் நின்றது. குறிப்பின் தலையில் தேதி. அதன் கீழே உபுண்டு 20.04, டெசராக்டின் பதிப்பு எண், லெப்டோனிகாவின் பதிப்பு எண். சி++17 புரியும் கம்பைலர் வேண்டும், அது இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை. 2 ஜிபி நினைவகம் இருந்தால் மேக் கட்டளையை ஒரே சமயத்தில் பல வேலை ஓட்டும்படி கொடுக்காதே, கணினி உறைந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை. அதை அண்ணனுக்கு எழுதத் தோன்றியிருக்காது, அவனிடம் இருப்பது 16 ஜிபி. எல்லாம் சேர்த்து எவ்வளவு டேட்டா இறங்கும் என்றும் ஒரு வரி. அதுவும் அவள் சேர்த்ததுதான்.

இந்தத் தேதி விஷயத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். இன்றைக்குச் சரியாக இருக்கும் பட்டியல் அடுத்த பதிப்பில் தப்பாகிவிடலாம். ஒரு பொதியின் பெயர் மாறும், ஒரு நூலகம் தேவையில்லாமல் போகும், கம்பைலர் புதிதாகக் கேட்கும். தேதியும் பதிப்பும் இல்லாத குறிப்பு, வருஷம் போடாத பஞ்சாங்கம் மாதிரி. அமாவாசை சரியாக எழுதியிருக்கும், எந்த வருஷத்து அமாவாசை என்றுதான் தெரியாது.

ஐந்து வரி கடைசியில் ஒன்றரைப் பக்கம் ஆனது. தெருவில் இன்னொரு பையனிடம் அதே மாதிரி ஒரு மடிக்கணினி இருந்தது. குறிப்பை அவனிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்தாள். அவன் ஒரே ஒரு இடத்தில் நிமிர்ந்து, ‘அக்கா, இது எந்த ஃபோல்டருக்குள்ள இருந்து அடிக்கணும்?’ என்றான். அதையும் எழுதினாள். அன்று சாயங்காலமே முதல் பக்கம் எழுத்தாக வந்தது. ‘ழ’ இருந்த இரண்டு இடத்தில் ‘மு’ விழுந்திருந்தது. அப்பத்தா அதைக் கண்டுகொள்ளவில்லை. ‘இன்னுங் கொஞ்சம் பெருசாக்குத்தா’ என்று மட்டும் சொன்னாள்.

குறிப்பின் கடைசி வரியை அவள் அதற்கப்புறம்தான் சேர்த்தாள்: ‘பக்கங்களை 300 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யவும். பைண்டைப் பிரிக்க வேண்டாம், அப்பத்தா திட்டும்.’